பொறுமை யார் மீது கடமை?

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது அருள்புரம். பனியன் நிறுவனங்களும் சாயப்பட்டறைகளும் நெருங்கி நிற்கும் ஊர். அப்பகுதித் தொடக்கப் பள்ளியொன்றில் பல ஆண்டுகளாக ஆசிரியப் பணி ஆற்றிவரும் நம் சமுதாயச் சகோதரி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெண்களுக்கான பயான் முடிந்து திரும்பும் வழியில் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். அன்றைய பயானின் பொருள் ‘ஸப்ரு’ எனும் பொறுமை. பொறுமையாளர்க்குக் கிடைக்கும் கணக்கற்ற நற்கூலியைப் பற்றி ஆலிமா அவர்கள் உள்ளம் உருகப் பேசினார்களாம். கேட்டிருந்த பெண்கள் பலர் கண் கலங்கினார்களாம். நம் சகோதரியும் கலங்கித்தான் வந்திருந்தார். ஆனால் அவர் கலங்கியதற்குக் காரணம் வேறு.

அவர் நம் வீட்டாரிடம் சொன்னார்: “அக்கா, என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். பக்கத்துப் பிள்ளையைக் கடித்தும் விடுவான். தாயும் தகப்பனும் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக அவனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்பொழுதெல்லாம் அவன் வராத நாளில் என் மனம் லேசாகிவிடுகிறது. காலையில் வாசலைப் பார்க்கும்போதே, இன்றைக்கு அவன் வராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். பொறுமையாளருக்குச் சுவர்க்கம் என்று இன்று கேட்டேன். ஒரு பிள்ளை வரக்கூடாது என்று நினைக்கிற எனக்கு என்ன கிடைக்கும்? இது பாவமா, அக்கா?”

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவன் கையை முரட்டுத்தனமாகப் பற்றி இழுத்து உட்கார வைத்ததையும் அவர் மறைக்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

நம் வீட்டார், “பாவமெல்லாம் இல்லை, முதலில் தேநீரைக் குடியுங்கள்” என்று ஆறுதல் கூறி அனுப்பினர். சகோதரி சென்றுவிட்டார், அவர் கேட்ட கேள்வி மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் இரக்கமற்றவராயின் நாம் இவ்வளவு எண்ணியிருக்க மாட்டோம். விரல்கள் மடங்காத ஒரு சிறுமிக்குச் சுண்ணக்கட்டியைத் துணியால் கையோடு சேர்த்துக் கட்டி, அவள் பெயரை அவளே எழுதும் வரை மாதக்கணக்கில் அருகே அமர்ந்திருந்தவர் அவர். அந்தச் சிறுமிக்கு அருகே அமர்ந்தவரும், இந்தச் சிறுவன் வராத நாளில் மகிழ்பவரும் ஒருவரே. இடையில் நடந்தது என்ன? அதற்குப் பொறுப்பு யாருடையது? இதைத்தான் நாம் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

வற்றிய கிணறு

‘இறைத்த கிணறு ஊறும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஈகையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் பேசும்போதெல்லாம் அதை எடுத்துக்காட்டுவோம். ஆனால் பல்லடம் வட்டாரத்து விவசாயியிடம் கேட்டால் அவர் இன்னொன்றும் சொல்வார்: ஊற்றுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு வற்றும்; எத்தனை ஆழத்திற்கு ஆழ்துளை இட்டாலும் பின்னர் காற்றுதான் வரும். மனித உள்ளத்தின் இரக்கமும் இத்தகையதே.

இதனை மனநூலார் ஆராய்ந்து ஒரு பெயரும் இட்டிருக்கின்றனர். 1974 ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் மனநூலறிஞர், இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களைக் கண்டு எழுதிய கட்டுரையில் இந்நிலையை எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். கூலிக்கு மாரடித்தவர்களிடம் இதை அவர் காணவில்லை. தம்மையே மறந்து உழைத்தவர்களிடம்தான் கண்டார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் தம் துணையாய்வாளருடன் 1981 இல் இதை அளந்தறியும் முறையொன்றை வகுத்தார். அவர் கூறும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, உள்ளம் முற்றும் களைத்துப்போதல். இரண்டாவது, யாருக்காகப் பணியாற்றுகிறோமோ அவர்களை மனிதராகக் காணாமல் ஒரு சுமையாகக் காணத் தொடங்குதல். மூன்றாவது, ‘நாம் செய்வதால் ஒரு பயனும் இல்லை’ என்னும் எண்ணம். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதற்கு இடமளித்தபோது, இது நோயன்று என்றும், பணியிடத்தில் நெடுநாள் தீர்க்கப்படாமல் கிடந்த நெருக்கடியால் விளைவது என்றும் வரையறுத்தது.

அவ்வரையறையை நம் வாசகர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். காய்ச்சல் வந்தவரின் உடலில் காய்ச்சல் இருக்கிறது. இச்சோர்வோ அவ்வாறன்று. அதன் வேர் பணியிடத்தில் இருக்கிறது. கனி மட்டும் ஒருவரின் உள்ளத்தில் பழுக்கிறது. சகோதரி தம் நெஞ்சைத் தோண்டிப் பார்த்துப் பாவத்தைத் தேடுகிறார். தோண்ட வேண்டிய இடம் வேறு.

அவர் கேள்விக்கு மார்க்கத்தின் விடையில் ஐயமில்லை. உள்ளத்தில் எழுந்து மறையும் எண்ணங்களை, அவை சொல்லாகவோ செயலாகவோ மாறாத வரையில், இறைவன் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ஆகவே அந்த எண்ணம் பாவமன்று. ஆயினும் கையைப் பற்றி இழுத்தது எண்ணமன்று, செயல். அச்சிறுவனுக்கு அவர் மீது ஹக்கு உண்டு. அதைப் பற்றிப் பின்னர் வருவோம். அதற்கு முன், அந்தக் கையை அவ்விடம் வரை தள்ளியது எது என்பதைப் பார்த்தல் நீதி.

ஒரு வகுப்பறையின் கணக்கு

அருள்புரம் போன்ற ஊர்களின் பள்ளிக்கூடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டும் பயில்வதில்லை. தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய வகுப்பில் ஒரு பிள்ளை பேசவில்லை எனில், அதற்குக் காரணம் என்ன? காது கேட்கவில்லையா? வீட்டு மொழி வேறாக இருப்பதால் வாய் திறக்க அஞ்சுகிறதா? ஆட்டிசம் எனப்படும் நிலையா? மூளை வளர்ச்சியின் குறையா? மருத்துவரும் பலமுறை பார்த்தே தீர்மானிக்கும் இதனை, முதலில் கண்டு சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். கண்டு சொல்லி, பெற்றோரைச் சம்மதிக்க வைத்து, முகாமுக்கு அனுப்பி, அடையாள அட்டை வந்து சேரும் வேளையில், ‘ஆர்டர்’ குறைந்ததென்று அக்குடும்பம் வேறு ஊருக்குச் சென்றிருக்கும். மறு ஆண்டு இன்னொரு பிள்ளை, மீண்டும் முதலிலிருந்து.

பெற்றோரைக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் வேலை முடித்து இரவு வீடு திரும்பும் தாய், ஒரு நாள் விடுப்பெடுத்தால் அவ்வார சனிக்கிழமைக் கூலியில் அது தெரியும். மருத்துவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்வதும் அடுப்பெரிவதும் ஒன்றோடொன்று மோதும் வீடுகள் அவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக விரித்தது. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இத்தகைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை என்றது. கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, தொடக்க நிலையில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவை வகுத்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில், அதற்கான பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ‘மீண்டும்’ என்ற ஒரு சொல்லிலேயே இடைப்பட்ட ஆண்டுகளின் கதை அடங்கியிருக்கிறது.

நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு முறைவைத்து வந்து செல்கின்றனர். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகின்றனர். நெடுங்காலமாக இவர்கள் தொகுப்பூதியத்தில் பணியாற்றிவருபவர்கள். இவர்களின் ஊதியம் வரும் திட்டத்திற்கென 2024–25 ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டியிருந்த 2,152 கோடி ரூபாய், மத்திய, மாநில அரசுகளின் கொள்கைப் பிணக்கில் சிக்கி நின்றது. யார் பக்கம் நியாயம் என்று வாதிடுவது இங்கு நம் நோக்கமன்று. பெரியவர்களின் வழக்கில் சிறியவர்களின் சோறு நிற்கும் என்பதை மட்டும் சுட்டுகிறோம். சிறப்புப் பயிற்றுநர் வந்து செல்லும் நாள் ஒன்று. வராத நாட்கள் பல. அந்நாட்களில் கடிக்கும் பிள்ளையும், கடிபட்ட பிள்ளையும், கணக்குப் பாடமும், நிரப்ப வேண்டிய பதிவேடும், கைபேசிச் செயலியும் ஒரே ஆசிரியரின் கையில்.

மூஸா நபி கேட்ட துணை

இவ்விடத்தில்தான் பொறுமையைப் பற்றிய போதனை வந்து சேர்கிறது. “அல்லாஹ் தாங்க முடியாத சுமையைத் தரமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனத்தை மனத்திற்கொண்டு சொல்லும் சொல் அது. வசனம் சத்தியம். அதை நாம் பயன்படுத்தும் இடம் சரிதானா?

அவ்வசனம் இறைவன் தன் அடியார்களை நடத்தும் முறையைக் கூறுகிறது. அடியான் அடியான் மீது ஏற்றும் சுமைக்கு அது சான்றிதழ் ஆகாது. அதற்குத் தனி விதி இருக்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவர் தாயின் பெயரால் இழித்துரைத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்து, பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள் என்று உணர்த்தினார்கள். அவர்களின் சக்திக்கு மீறிய வேலையை அவர்கள் மேல் சுமத்தலாகாது என்றும், சுமத்த நேர்ந்தால் நீங்களே உடனிருந்து உதவ வேண்டும் என்றும் விதித்தார்கள். அந்த இரண்டாம் பகுதி நம் பயான்களில் அரிதாகவே ஒலிக்கிறது. சுமை ஏறிவிட்டதா? ‘பொறு’ என்று சொல்லிவிட்டு அகலும் உரிமை ஏற்றியவனுக்கு இல்லை. தோள் கொடுக்கும் கடமையே உண்டு. பொறுமை சுமப்பவரின் அணிகலன். சுமத்தியவரின் சாக்கு அன்று.

துணை வேண்டுதல் ஈமானின் குறைவு என்று எண்ணுவாரும் நம்மிடை உளர். அவர்கள் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்க. பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை பிறந்தபோது அந்த மாநபி என்ன செய்தார்கள்? தம் நாவில் உள்ள முடிச்சை அவிழ்க்குமாறு வேண்டினார்கள். அதோடு நின்றுவிடாமல், தம் சகோதரர் ஹாரூனைத் தமக்குத் துணையாக்கி, அவரால் தம் முதுகை வலுப்படுத்தி, பணியில் பங்காளியாக்குமாறும் வேண்டினார்கள். தாஹா அத்தியாயம் இதை விரித்துரைக்கிறது. ‘நீர் நபியாயிற்றே, பொறுமையாகத் தனித்தே செல்லும்’ என்று விடை வரவில்லை. கேட்டது கொடுக்கப்பட்டது. பேச்சில் இடர்ப்பாடு கொண்ட ஒருவரே இறைத்தூதராயிருந்தார் என்பதும், அவருக்குத் துணையாளர் ஒருவர் அருளப்பட்டார் என்பதும் சிறப்புக் கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கத்தகாத செய்திகள்.

இறைவேதத்தில் உள்ள இந்நீதியைத் திருப்பூரின் பனியன் நிறுவனம் தன் வழியில் அறிந்தே வைத்திருக்கிறது. பவர் டேபிளில் அமரும் டெய்லருக்குக் ‘கைமடி’ என்றொரு துணையாள் உண்டு. துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதும் அவர் வேலை. கைமடி இல்லையெனில் டெய்லரின் கை ஓடாது என்பது எந்த முதலாளிக்கும் தெரியும். அதற்கான கூலியை அவர் வீண் செலவாகக் கருதுவதில்லை. ஒரு பனியனைத் தைக்க இருவர் வேண்டும் என்று கண்ட ஊரில், ஒரு வகுப்பு மனிதப் பிள்ளைகளை உருவாக்க ஒருவர் போதும் என்று எவ்வாறு முடிவு செய்தோம்?

“ஹெலன் கெல்லரை உருவாக்கிய ஆசிரியையைப் பாருங்கள்” என்பர் சிலர். பார்ப்போம். ஆன் சல்லிவன் அம்மையார், கண்ணும் காதும் இழந்த அச்சிறுமியிடம் வந்து சேர்ந்தது 1887 மார்ச்சில். 1936 இல் தாம் இறக்கும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உடனிருந்தார். உலகம் வியந்த தியாகம்தான் அது. ஆனால் அவரிடம் இருந்தது ஒரே மாணவி. அவ்வாறிருந்தும் 1914 இல் பாலி தாம்சன் என்னும் பெண்மணி அவ்வீட்டில் துணையாகச் சேர்ந்தார். ஒரு மாணவிக்கு இருவர். இந்தக் கணக்கைச் சொல்லாமல் தியாகத்தை மட்டும் சொல்வது, அருள்புரத்து ஆசிரியைக்கு நாம் செய்யும் அநியாயம்.

பிள்ளையின் உரிமை

இவ்வளவும் கூறியபின் ஓர் எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும். ‘ஆசிரியருக்கு மட்டுமா களைப்பு? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் செக்கிங் பெண்ணுக்குக் களைப்பில்லையா? விடுமுறையும் ஊதியமும் உள்ளவருக்கு ஏன் இத்தனை பரிவு?’

களைப்பில் போட்டி இல்லை. அப்பெண்ணுக்கும் ஓய்வு உரியதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பனியனில் தையல் பிசகினால் அது ‘டேமேஜ்’ கட்டில் போய்ச் சேரும்; நிறுவனத்துக்குச் சிறு நட்டம். ஆசிரியரின் உள்ளம் வற்றினால் அதன் விலையைக் கொடுப்பது, தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் வாயற்ற ஒரு பிள்ளை. பிள்ளைகளுக்கு டேமேஜ் கட்டு இல்லை. ஆகவே ஆசிரியர் மீது காட்டும் பரிவு அவரோடு முடிவதன்று. அது பிள்ளையைச் சென்றடையும் வழி.

இதனாலேயே ஆசிரியரை முற்றிலும் குற்றமற்றவர் என்று கூறி விட்டுவிடவும் நம்மால் இயலாது. குறைஷித் தலைவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையில் வந்து கேள்வி கேட்டார்கள். அப்போது பெருமானாரின் திருமுகத்தில் ஒரு கணம் தோன்றிய சுளிப்பைக் குறித்து ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியது. அச்சுளிப்பைப் பார்வையற்றவர் கண்டிருக்க முடியாது. கண்டவன் இறைவன். தேடி வந்த பலவீனரின் உரிமை, அவர் அறியாமலேயே காக்கப்பட்டது. பின்னாளில் அதே தோழர் பிலால் (ரலி) அவர்களுடன் மதீனாவில் பாங்கு சொல்லும் பணியைப் பெற்றார். பெருமானார் வெளியே சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. பேச்சு வராத பிள்ளை தன் ஆசிரியையின் மீது புகார் சொல்லாது. அதனால் அவன் ஹக்கு குறைந்துவிடாது, கூடவே செய்யும்.

ஆகவே நம் சகோதரிக்கு மூன்று கடமைகள் உண்டு என்று கருதுகிறோம். முரட்டுத்தனமாக இழுத்த கைக்காக இறைவனிடம் தவ்பாவும், அப்பிள்ளையிடம் தனிக் கனிவும். தம் நிலையை மறைக்காமல் தலைமையாசிரியரிடமும் வட்டார மையத்திலும் சொல்லித் துணை கேட்டல். மூன்றாவதாகத் தம் உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய ஓய்வைக் கொடுத்தல். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்து தம் குடும்பத்தை மறந்த அபுத் தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவர்க்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்திற்கே அளவு இருக்கும்போது தொண்டுக்கு இல்லாமற் போகுமா?

ஊர் கூடிச் சுமப்பது

அவருடைய கடமைகள் மூன்று என்றோம். நம்முடையவை எத்தனை?

ஃபர்ளு கிஃபாயா என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஊரில் ஒரு மையித்து விழுந்தால் சிலர் தொழுவித்து அடக்கினால் போதும், எல்லோர் மீதும் உள்ள கடமை நீங்கும்; எவரும் செய்யாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். பலவீனமான பிள்ளைகளைப் பேணி அறிவூட்டுவதும் இவ்வகைக் கடமையே என்பது நம் கருத்து. ஆசிரியை அதை ஊர் சார்பில் செய்கிறார். அவர் ஒருவரால் அது நிறைவேறுமாயின் நாம் நிம்மதியாக இருக்கலாம். நிறைவேறவில்லை என்பதை அவர் கண்ணீரே அறிவித்துவிட்டதே! இனி மிச்சமுள்ள கடமை யார் தலையில்?

அருள்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்தைப் பாழாக்கிய வரலாறு அவர்கள் அறிந்ததே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது நகரமே திகைத்து நின்றது. தனியொரு சிறு பட்டறையால் தன் கழிவு முழுவதையும் சுத்திகரிக்கும் ஆலையைக் கட்ட இயலாது. ஆதலால் பல பட்டறைகள் பங்கு சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்னும் ஏற்பாட்டைப் பற்றின. அருள்புரத்திலும் அத்தகைய நிலையம் உண்டு. ஒருவரால் ஆகாததைப் பலர் பங்கிட்டால் ஆகும் என்பதை உப்பு நீரில் கற்ற ஊர் அது. அந்தப் பாடம் பள்ளிக்கூட வாசலை ஏன் தாண்டவில்லை?

நம் முன்னோர் வெறும் உருக்கத்தோடு நின்றவர்களல்லர். உமையாக் கலீஃபா வலீத் (ஆட்சி: கி.பி. 705–715) நடக்க இயலாதவர்க்குப் பணியாளையும் பார்வையற்றவர்க்கு வழிகாட்டியையும் நியமித்தார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அவ்வாட்சியில் குறைகள் பல இருந்தன. இதில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது: இரக்கத்தை ஒருவரின் நல்ல குணத்திடம் விட்டுவிடாமல், அதற்கொரு ஆளும் பொறுப்பும் ஏற்படுத்தினார்.

நாமோ நம் சொந்த வாசலில் என்ன செய்கிறோம்? காலை மத்ரஸாக்களில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் ஓதுகின்றனர்? ‘மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். அரசுப் பள்ளி திருப்பி அனுப்பவில்லை. சட்டப்படி அனுப்பவும் இயலாது. நாம் அரை மணி நேரம் தாங்க மாட்டாத பிள்ளையை அந்த ஆசிரியை நாள் முழுதும் தாங்குகிறார். தாங்கிவிட்டு, பாவமோ என்று நம்மிடம் வந்து கேட்கிறார்!

செய்யத்தக்கவை அரியவையல்ல. பள்ளி மேலாண்மைக் குழு என்பது கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குத் தந்த அரங்கு. அதில் சென்று அமர்ந்து, நீதிமன்றம் வகுத்த அளவுப்படி சிறப்பாசிரியர் வேண்டும் எனத் தீர்மானம் எழுதலாம்; தீர்மானத்தோடு நில்லாமல் அலுவலகம் வரை தொடரலாம். ஜமாஅத்துகள் சதக்கா நிதியிலிருந்து, பள்ளி நிர்வாகம் இசையுமாயின், வகுப்பறைத் துணையாள் ஒருவரின் கூலியை ஏற்கலாம். ஜகாத்தைப் பொறுத்தவரை அதன் இனங்களை ஆலிம்கள் தீர்மானிக்கட்டும். சதக்காவின் வாசல் அகன்றது. நிறுவனம் நடத்தும் நம் சகோதரர்கள், இத்தகைய பிள்ளையின் தாய்க்கு மருத்துவரிடம் செல்லும் நாளில் கூலி பிடிக்காமல் அனுமதி தரலாம். மத்ரஸாவின் ஹஜ்ரத்துகளுக்கு இப்பிள்ளைகளைக் கையாளும் பயிற்சி அளிக்கலாம். கோவை பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் போன்ற நிலையங்கள் இத்துறையில் அனுபவம் மிக்கவை. அறிவை நாடிச் செல்வதில் நமக்குத் தடையேதும் இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நிற்பார்கள்; பின்னால் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டால், அதன் தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணிச் சுருக்கி முடிப்பார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. ஒரு பிள்ளையின் அழுகைக்காக ஒரு ஜமாஅத் முழுவதும் தன் ஒழுங்கை மாற்றிக்கொண்டது. தாயைப் பார்த்து, ‘பொறுமையாக நில்’ என்று எவரும் சொல்லவில்லை.

அச்சகோதரி மறுமுறை வந்தபோது நம் வீட்டார் அவருக்கு விடையொன்றும் சொல்லவில்லை. அச்சிறுவனின் வீடு எது என்று கேட்டார்கள். இப்பொழுது வட்டார மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் உள்ள நாட்களில், தாய்க்கு விடுப்பு கிடைக்காதபோது, தெருப் பெண்கள் இருவர் முறைவைத்து அவனை அழைத்துச் செல்கின்றனர். பிள்ளை இன்னும் பேசவில்லை. வகுப்பில் கத்துவதும் நின்றபாடில்லை. சிறப்புப் பயிற்றுநர் வரும் நாட்களும் கூடவில்லை. எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அவன் வராத நாளில் என்ன ஆயிற்று என்று கேட்க, ஆசிரியையைத் தவிர இன்னும் மூன்று பேர் இருக்கின்றனர். ஊருக்கு இது மிகச் சிறிது. அவ்விருவரோடு நாமும் சேர்வோமா என்பதே இனி நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பிறர் சுமையைக் கண்டு பொறுமை போதிக்கும் நாவிலிருந்தும், தோள் கொடுக்க மறுக்கும் உள்ளத்திலிருந்தும் வல்ல இறைவன் நம்மைக் காப்பானாக. ஆமீன்.